கேமரா இல்லாத போன்: பட்டாளத்துக்குப் போகும் பிள்ளைக்கு எதை வாங்கிக் கொடுப்பது?

மணியாச்சி சந்திப்பைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலிருந்தும், கோவில்பட்டி, கயத்தாறு, ஓட்டப்பிடாரம், எட்டயபுரம் பக்கத்து மானாவாரிக் குடும்பங்களிலிருந்தும் பட்டாளத்துக்கும் மத்திய ஆயுதப் படைகளுக்கும் பிள்ளைகள் போவது புதிதில்லை. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் உயிரிழந்த 40 சிஆர்பிஎஃப் வீரர்களில் ஒருவர் இந்த வட்டாரத்துச் சவலாப்பேரிக்காரர். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பதினேழரை வயதிலேயே சேரலாம் என்பதால், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பெட்டி கட்டும் பையன்களும் இருக்கிறார்கள். அந்த வயதில் போன் இல்லாத பையன் கிடையாது. கையில் இருக்கும் டச் போனைக் கொண்டுபோகலாமா, கேமரா இல்லாத ஒன்று வாங்க வேண்டுமா, வாங்கினால் எது என்ற கேள்விகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. கேமரா இல்லாத போன் நல்ல தேர்வு. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பாதிதான் சரி. போன் எதைப் பார்க்கிறது என்பதைக் காட்டிலும், அது எதை வெளியே அனுப்புகிறது என்பதுதான் ஆபத்தைத் தீர்மானிக்கிறது. இது புரியாமல் வாங்கினால், கேமரா இல்லை என்ற தைரியமே தவறான இடத்தில் கொண்டுபோய் விடும்.

கேமராவைப் பார்த்து ராணுவங்கள் பயப்படுவதற்குப் பழைய காரணம் உண்டு. 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம், தடைசெய்யப்பட்ட இடத்தின் வரைபடத்தையும் மாதிரியையும் வேவுக் குற்றத்தோடு சேர்த்தே பேசுகிறது. பாதுகாப்பு நிலையம் தொடர்பான குற்றமானால் 14 ஆண்டு வரை சிறை. அன்று படம் எடுக்க ஒருவர் கேமராவைத் தனியாக ஒளித்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் கேமரா போன் பரவத் தொடங்கி, கேமரா மெல்ல எல்லோருடைய சட்டைப் பைக்குள்ளும் வந்துவிட்டது. நண்பனை எடுத்த படத்தின் பின்னணியில் ஒரு ஆன்டெனா, ஒரு வண்டி எண், தோள்பட்டைச் சின்னம் என எதுவும் விழலாம். எடுத்தவனுக்கு அது கண்ணில்கூடப் படாது. தேடிக்கொண்டிருப்பவனுக்கு அது ஒன்றே போதும். நம் பக்கத்திலேயே, திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், கடலடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படை நிலையம் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் எடுக்கும் சாதாரண செல்ஃபிகூட எப்படிப் பார்க்கப்படும் என்று யோசித்தாலே தடையின் நியாயம் புரியும்.

கேமரா இல்லாத போனுக்கென்று ஒரு சந்தையே உருவான நாடு சிங்கப்பூர். 1967 முதல் அங்கே இளைஞர்களுக்குத் தேசிய சேவை கட்டாயம். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு சீருடை அணிகிறார்கள். முகாமுக்குள் கேமரா போனுக்குத் தடை இருந்த காலத்தில், ஒவ்வோர் ஆண்டும் சேரும் பையன்களுக்கு வேறு போன் தேவைப்பட்டது. கேமரா இல்லாமலே வந்த நோக்கியா இ61, பிளாக்பெர்ரியின் கேமரா இல்லாத வகைகள் போன்றவை அலுவலகக்காரர்களுக்காகத் தயாரிக்கப்பட்டவை. அவை சந்தையிலிருந்து மறைந்ததும், ஐபோனைப் பிரித்துக் கேமராவைக் கழற்றி விற்பது அங்கே ஒரு தொழிலாகவே நடந்தது. பின்னர் சிங்கப்பூர் ராணுவம் முகாம்களைப் பச்சைப் பகுதி, சிவப்புப் பகுதி என்று பிரித்து, பச்சையில் கேமரா போனை அனுமதித்தது. எல்லாப் போனிலும் கேமரா இருக்கும் காலத்தில் போனை மாற்றச் சொல்வதைவிட இடத்தைப் பிரிப்பது எளிது என்ற முடிவு அது.

அண்மைக் காலத்தில் ராணுவங்களைக் காட்டிக்கொடுத்த சம்பவங்களை எடுத்துப் பார்த்தால், அவற்றில் கேமராவுக்குப் பங்கே இல்லாதவை பல. உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா, தன் பயனர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் தொகுத்து ஓர் உலக வரைபடமாக வெளியிட்டிருந்தது. நேதன் ரூசர் என்ற 20 வயது ஆஸ்திரேலிய மாணவர் 2018 ஜனவரியில் அதை உற்றுப் பார்த்தார். ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற நாடுகளின் ஆளரவமற்ற நிலத்தில் சில வட்டங்கள் மட்டும் பளிச்சென்று ஒளிர்ந்தன. அவை ராணுவத் தளங்களைச் சுற்றி வீரர்கள் காலையில் ஓடிய தடங்கள். ஒரு படம்கூட எடுக்கப்படாமலே தளத்தின் வடிவம் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. 2023 புத்தாண்டு இரவில் உக்ரைனின் மகீவ்கா நகரில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடம் தாக்கப்பட்டபோது, தடையை மீறி வீரர்கள் கைப்பேசியைப் பயன்படுத்தியதே முக்கியக் காரணம் என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. அது ஒப்புக்கொண்ட உயிரிழப்பு மட்டும் 89. அத்தனை பேரை ஒரே கட்டடத்தில் தங்கவைத்த அதிகாரிகளின் தவறை மறைக்கவே வீரர்கள் மீது பழி போடுகிறார்கள் என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. அந்த விமர்சனம் நியாயமானது. ஆனாலும் ஓர் இடத்தில் பல போன்கள் ஒன்றாகச் செல்போன் கோபுரத்தோடு பேசினால் அங்கே கூட்டம் இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்பது தொழில்நுட்ப உண்மை. கேமரா இல்லாத பட்டன் போனும் கோபுரத்தோடு பேசியாக வேண்டும்.

இந்தியாவில் நடந்ததும் இதே பாடம்தான். 2019 டிசம்பரில் விசாகப்பட்டினம் உள்ளிட்ட கடற்படைத் தளங்களில் ஏழு மாலுமிகள் கைது செய்யப்பட்டதாக ஆந்திரக் காவல்துறை அறிவித்தது. முகநூலில் பெண்களின் பெயரில் பழகியவர்களிடம் கப்பல், நீர்மூழ்கி நடமாட்டத்தைச் சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. எந்தக் கப்பல் எப்போது கிளம்புகிறது என்று சொல்லக் கேமரா எதற்கு? இரண்டு வரி செய்தி போதும். அதே மாத இறுதியில் கடற்படை தன் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் முகநூலுக்கும் தடை போட்டது. 2020 ஜூலையில் தரைப்படை ஒரு படி மேலே போய், முகநூல், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை ஜூலை 15க்குள் போனிலிருந்து நீக்கச் சொன்னது. முகநூல் கணக்கை அழிக்க மாட்டேன் என்று தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன ஓர் அதிகாரியின் மனு ஆகஸ்டில் தள்ளுபடியானது. அந்த உத்தரவு குறிவைத்தது செயலிகளை. போனில் இருக்கும் லென்ஸுக்கு அதில் வேலை இல்லை.

அப்படியானால் கேமரா இல்லாத போன் வீண் செலவுதானே என்று கேட்கலாம். வீண் இல்லை, அதற்கு வேறு இரண்டு பயன்கள் உண்டு. ஒன்று, வாசலில் நிற்கும் காவலர் அதை ஒரு பார்வையில் சோதித்துவிடலாம். எந்தச் செயலி உள்ளே இருக்கிறது, எதற்கு இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறது என்று ஒவ்வொரு போனையும் திறந்து பார்க்க முடியாது. லென்ஸ் இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்க்க முடியும். இரண்டாவது, பதினெட்டு வயதுப் பையனின் ஆசை. புதுச் சீருடையும் கையில் துப்பாக்கியுமாக ஒரு ரீல்ஸ் போட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றுவது இயல்பு. உடனிருப்பவர்கள் போட்டால் இன்னும் தோன்றும். கருவியே இல்லாவிட்டால் அந்தச் சபலத்தோடு அவன் தினமும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நான்கு ஆண்டு முடிவில் நான்கில் ஒருவரை மட்டுமே நிரந்தரமாக்கும் அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த பையனுக்கு, ஒரு பதிவுக்காக ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைப் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

கேமராவை மென்பொருளால் அடைத்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. இதற்குத் தென்கொரியாவில் பெரிய அளவில் பதில் கிடைத்திருக்கிறது. கட்டாய சேவையில் இருக்கும் வீரர்களுக்கு 2019 ஏப்ரலில் சோதனையாகவும், 2020 ஜூலையில் முழுமையாகவும் கைப்பேசி அனுமதிக்கப்பட்டது. வார நாட்களில் மாலை 6 மணி முதல் 9 மணி வரை வைத்துக்கொள்ளலாம். நிபந்தனை, பாதுகாப்பு அமைச்சகத்தின் செயலியைப் போனில் ஏற்றி முகாமுக்குள் கேமராவை முடக்க வேண்டும். வீட்டோடு பேச முடிவது வீரர்களின் தனிமையைக் குறைக்கிறது என்பதை ஒரு ராணுவமே ஏற்றுக்கொண்டது, என் பார்வையில், வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் 2024இல் அங்கே இன்னொரு சிக்கல் பேசுபொருளானது. அந்தச் செயலியால் ஐபோனில் கேமராவை அடைக்க முடிகிறது, குரல் பதிவை அடைக்க முடியவில்லை. ஆகவே ராணுவத் தலைமையகங்களில் ஐபோனுக்கே தடை வரலாம் என்று செய்திகள் வந்தன. கண்ணை மூடிய பிறகும் காது திறந்தே இருந்தது. தவிர, மென்பொருள் அடைப்பு அதிகாரம் உள்ள ஒருவர் நிர்வகித்தால்தான் செல்லும். நாமாகவே அமைப்புகளுக்குப் போய் கேமராவை அணைத்து வைத்தால் எந்த வாசலிலும் அதை ஏற்க மாட்டார்கள். ஸ்டிக்கர் ஒட்டுவதும் அப்படித்தான். ஒட்டியவனே உரித்துவிடலாம்.

கேமராவைக் கழற்றித் தரும் கடைகள் இங்கேயும் கிடைக்கும். அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. பிரித்த போனுக்கு வாரண்டி போய்விடும். தண்ணீர் புகாத முத்திரை உடைந்துவிடும், மழையிலும் வியர்வையிலும் அலைகிறவனுக்கு அது முக்கியம். முகம் பார்த்துத் திறக்கும் வசதி போகும். டீக்கடை முதல் சலூன் வரை கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தே காசு கொடுக்கும் நாட்டில் அதுவும் முடியாது. எண்ணைத் தட்டித்தான் அனுப்ப வேண்டும். இவ்வளவும் இழந்த பின்னும் அது இணையத்தோடும் செயலிகளோடும் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு முழு ஸ்மார்ட்போன்தான். ஆபத்தில் பெரிய பகுதி அப்படியே இருக்கிறது, வசதியில் பெரிய பகுதி போய்விட்டது.

எனவே பயிற்சிக் காலத்துக்குச் சாதாரண பட்டன் போனே சரி என்பது என் முடிவு. அதிலும் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். பட்டன் போன் என்றாலே கேமரா இருக்காது என்று நினைப்பது முதலாவது. 2023இல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் வி2வில் சிறியதாக ஒரு கேமரா இருக்கிறது. அதே ஆண்டு வந்த நோக்கியா 105, நோக்கியா 106 4ஜி இரண்டிலும் கேமரா கிடையாது. பெட்டியின் பின்பக்கத்தைப் படித்து, போனைத் திருப்பியும் பார்த்து வாங்க வேண்டும். இரண்டாவது சிம். ஜியோவுக்கு 2ஜி சேவை இல்லை என்பதால் 2ஜி மட்டுமே உள்ள நோக்கியா 105இல் ஜியோ சிம் வேலை செய்யாது. வீட்டில் எல்லோரும் ஜியோ என்றால் 4ஜி பட்டன் போன்தான் வேண்டும். இந்த வகைப் போன்களில் இணையம் இல்லாமலே பணம் அனுப்பும் யுபிஐ 123பே வசதி இருக்கிறது. அதை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கியது. வங்கியின் ஓடிபியும் சாதாரண எஸ்எம்எஸ்ஸாக வந்துவிடும். அக்னிபத்தில் சேர்ந்த அக்னிவீரருக்கு முதல் ஆண்டில் கையில் வருவது மாதம் 21,000 ரூபாய். அதிலிருந்து வீட்டுக்கு அனுப்ப டச் போன் தேவையில்லை.

முகம் பார்க்க முடியாதே என்ற தாயின் குறையை அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியாது. பல மாதம் பிள்ளையைப் பார்க்காமல் இருக்கும் வீட்டுக்கு வீடியோ அழைப்பு ஆடம்பரம் இல்லை. பயிற்சி முடிந்து யூனிட்டுக்குப் போன பிறகு, அங்குள்ள உத்தரவு அனுமதித்தால் ஸ்மார்ட்போன் வாங்கிக்கொள்ளட்டும். லீவில் வரும்போது பயன்படுத்த அதை வீட்டில் வைத்திருப்பதும் ஒரு வழி. எந்தக் கட்டுரையும், எந்தக் கடைக்காரரும் சொல்வதைவிட, சேரும்போது வரும் கடிதத்தில் உள்ள அறிவுறுத்தலும் யூனிட்டின் நிலையாணையும்தான் கடைசி வார்த்தை. பயிற்சி மையத்துக்கு மையம் விதி மாறும். ஸ்மார்ட்போன் வைத்துக்கொள்ளும் நிலை வந்தால் கவனிக்க வேண்டியவை: ஓட்டம், நடை அளக்கும் செயலி வேண்டாம், எந்தச் செயலிக்கும் இருப்பிட அனுமதி வேண்டாம், கேமராவின் அமைப்பில் படத்தோடு இடத்தைச் சேமிக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த இடக்குறிப்பு நீங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. காஷ்மீரில் பணி கிடைத்தால், இங்கே வாங்கிய ப்ரீபெய்டு சிம் அங்கே செயல்படாது. கிளம்புமுன் அதே எண்ணைப் போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மிச்சமிருப்பது ஊரில் இருக்கும் போன்கள். பிள்ளை எந்த ரயிலில் எந்தத் தேதி திரும்புகிறான், எந்த எல்லைக்குப் போகிறான் என்று ஸ்டேட்டஸ் வைப்பதும், சீருடைப் படத்தோடு யூனிட்டின் பெயரையும் சேர்த்து ஃப்ளெக்ஸ் அடிப்பதும் பாசத்தில் செய்யப்படுபவை. தேடுகிறவனுக்கு அவை போதுமான தகவல். முகநூலில் பிள்ளையின் அக்காவுக்கோ தம்பிக்கோ முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து நட்பு அழைப்பு வந்து, பேச்சு பிள்ளையின் வேலையைப் பற்றித் திரும்பினால், அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு அவனிடம் சொல்ல வேண்டும். அவன் தன் மேலதிகாரியிடம் சொல்வான்.