திரையில் கண்ட கேமரா, கடையில் கண்ட கேமரா

மட்டாஞ்சேரியில் பரதேசி யூத ஆலயத்துக்குச் செல்லும் தெருவின் இருமருங்கும் பழம்பொருள் கடைகள் நிறைந்துள்ளன. 1568இல் எழுப்பப்பட்ட அந்த ஆலயத்தைக் கண்டு திரும்புவோர் பலர், பித்தளை விளக்குகளுக்கு நடுவே பழைய கேமரா ஒன்றைக் கண்டால் கையிலெடுத்துப் பார்ப்பதுண்டு. "இதைச் சினிமாவில் பார்த்திருக்கிறேனே" என்று வாய் விட்டுச் சொன்னால், விலை ஏறுவதற்கு அதுவே போதுமானது. ஆகவே, திரையில் தோன்றும் கேமராக்களை இனங்கண்டுகொள்ளும் பழக்கம் பொழுதுபோக்காக மட்டுமின்றி, பணத்தைக் காக்கவும் உதவும்.

எதைக் கவனிப்பது?

முதலில் கேமராவைப் பிடிக்கும் முறையைப் பாருங்கள். பாத்திரம் அதை மார்பருகே வைத்துக் குனிந்து நோக்கினால், அது 1929இல் ஜெர்மனியில் வெளிவந்த ரோலிஃபிளெக்ஸ் போன்ற இரட்டை லென்ஸ் கேமராவாக இருக்கக்கூடும். கண்ணருகே பிடிக்கும் சிறிய கேமராக்களுக்கு வழிகாட்டியது 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா. உச்சியில் கூரை போன்ற புடைப்புடன் 1959இல் வந்தது நிக்கான் எஃப். 1947இல் நடக்கும் கதையில் நிருபரின் கழுத்தில் நிக்கான் எஃப் தொங்கினால், கலை இயக்குநர் 12 ஆண்டுகள் முந்திவிட்டார் என்று பொருள்.

ஃபிளாஷும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். பழைய ஃபிளாஷ் பல்பு ஒருமுறைதான் எரியும். ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954) படத்தின் இறுதிக் காட்சியே இதனால்தான் பதற்றம் தருகிறது. தன்னைத் தாக்க வருபவனின் கண்களைக் கூசச் செய்ய, நாயகன் ஒவ்வொரு முறையும் பல்பை மாற்றியாக வேண்டும். அப்படத்தில் அவர் கையாள்வது எக்ஸாக்டா. அதன் பெயரைக் கறுப்புப் பட்டையால் மறைத்திருந்தார்கள். பெயர் மறைந்தபோதும் உருவத்தைக் கொண்டே ரசிகர்கள் அதைக் கண்டுகொண்டனர்.

நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. 'ஜானே பி தோ யாரோ' (1983) படத்தில் இரு புகைப்படக்காரர்கள் பூங்காவில் எடுத்த படத்தில் ஒரு கொலை பதிவாகிவிடுகிறது. அதில் நஸிருத்தீன் ஷா பயன்படுத்தியது அவருடைய சொந்த நிக்கான் கேமரா. படப்பிடிப்புக் காலத்திலேயே அது களவு போயிற்று.

புகழ் வேறு, மதிப்பு வேறு

ஹாரி பாட்டர் வரிசையின் இரண்டாம் படத்தில் (2002) சிறுவன் காலின் வைத்திருப்பது ஆர்கஸ் சி3. செங்கல் போன்ற வடிவால் 'செங்கல்' என்றே பெயர் பெற்ற அந்த அமெரிக்கக் கேமரா, 1939 முதல் 1966 வரை இலட்சக்கணக்கில் தயாரிக்கப்பட்டது. திரைப்படம் அதற்குப் புகழ் சேர்த்ததேயன்றி, அதை அரிய பொருளாக ஆக்கிவிடவில்லை. "இந்த வகை படத்தில் வந்தது" என்பதும் "இதே கேமரா படத்தில் வந்தது" என்பதும் வேறு வேறு. பின்னதற்கு எழுத்துவழிச் சான்று வேண்டும்.

லைக்கா என்ற பெயரைக் கண்டால் இருமடங்கு எச்சரிக்கை தேவை. சோவியத் நாட்டின் ஃபெட், ஜோர்க்கி கேமராக்களின் மீது லைக்கா முத்திரையைப் பொறித்து விற்பது உலகெங்கும் நடக்கும் மோசடி. லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள்: லைக்காவில் சிறு உருளை ஒன்று இருக்கும்; போலிகளில் பெரும்பாலும் தட்டையான உலோக நாக்கு இருக்கும்.

கொச்சியின் ஈரக்காற்று லென்ஸில் பூஞ்சையை வளர்க்கும். டார்ச் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தால் சிலந்தி வலை போன்ற இழைகள் தெரியும். வாங்கிய கேமராவைத் தோலுறையில் அடைத்து வைக்காமல், சிலிகா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள். தயாரிப்பு எண் குறித்த ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். வெளிநாட்டு உறவினருக்கு அனுப்ப எண்ணினால், நூறாண்டு கடந்த வரலாற்றுச் சிறப்புள்ள பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் தேடிக் கடைக்குச் செல்லுமுன் வீட்டுப் பரணையும் ஒருமுறை பார்த்துவிடலாம். பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் III அங்கே கிடக்கக்கூடும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள் எடுத்த அந்தக் கேமராவுக்குச் சந்தையில் பெருவிலை இராது. ஆயினும் அதில் எடுத்த படங்களின் பின்புறத்தில், தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். எந்தக் கடையிலும் கிடைக்காத சான்று அது.