பழைய வீட்டைப் புதுப்பிக்கும் கணக்கு

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கட்டிய வீட்டைப் பிரித்துத் திருத்திப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் அவர்கள் சேர்த்திருக்கலாம். புதிதாக வீடு கட்டுபவன் வெற்று நிலத்தில் தொடங்குகிறான். செங்கல் எத்தனை, சிமெண்டு எத்தனை மூட்டை என்று வரைபடத்தைக் கொண்டே பொறியாளர் அவனுக்குக் கூறிவிடுவார். பழைய வீட்டைத் திருத்துபவனோ, பூச்சுக்குப் பின்னாலும் தரைக்கு அடியிலும் இருப்பது இன்னதென்று அறியாமலே பணப்பையைத் திறக்கிறான்.

மாணவர்களே! வீடு திருத்தும் செய்தியைப் பெற்றோரிடம் கூறாமல் உங்களிடம் கூறுவானேன் என்று நீங்கள் வினவலாம். நடுத்தரக் குடும்பங்களில் வீட்டுக்குச் செலவிடும் பணமும் உங்கள் படிப்புக்குச் செலவிடும் பணமும் பெரும்பாலும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்கப்படுபவை. முன்னது வரம்பு மீறினால் பின்னது குறையும். அன்றியும், இதற்கு வேண்டிய கணக்கு முழுவதும் உங்கள் பாடநூலில் உள்ளது.

நான்கு சுவர்களுக்கு வெள்ளையடிக்கும் கணக்கை 33 ஆண்டுகள் கரும்பலகையில் போட்டுக் காட்டியவன் நான். கதவு, சன்னல்களின் பரப்பைக் கழிக்க மறந்த மாணவனுக்கு மதிப்பெண் குறைத்ததும் உண்டு. ஆயின், ஓய்வு பெற்ற மறு ஆண்டு என் பாட்டனார் கட்டிய வீட்டைத் திருத்தத் தொடங்கியபோது, அளவு நாடாவைக் கையிலெடுக்க எனக்குத் தோன்றவில்லை. மேஸ்திரி முற்றத்தில் நின்றபடியே நாற்புறமும் பார்த்து, "மூன்று லட்சத்துக்குள் முடித்துவிடலாம், ஐயா" என்றார். நானும் தலையசைத்தேன்.

முன்புறம் ஓடு வேய்ந்த தாழ்வாரமும் கூடமும், பின்புறம் இரண்டு அறைகளும் கொண்ட வீடு அது. அறைகளின் மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் பழைய வகை. மரக்கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையால் பிணைத்து, அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதிப்பார்கள். என் தாயார் 80 வயதைக் கடந்தவர். இரவில் கொல்லைப்புறம் சென்று வர இயலாதவர். ஆகவே வீட்டினுள்ளேயே ஒரு குளியலறையும் கழிப்பறையும் அமைப்பதே எங்கள் நோக்கமாக இருந்தது. ஆனால், கடையில் டைல்ஸ்களைக் கண்ட கண்கள் அவற்றை விட்டு வரவில்லை. கூடத்துக்கும் அறைகளுக்கும் புதிய தரை பதித்தோம். சுவர்களுக்கு வண்ணம் பூசினோம். கையிருப்பில் பெரும்பகுதி தீர்ந்த பிறகே குளியலறைக்குக் குழாய் செலுத்தச் சுவரை வெட்டினார்கள். பூச்சு பலகை பலகையாக உதிர்ந்தது. தளத்தைத் தாங்கிய கட்டைகளில் நான்கின் முனைகள் சுவருக்குள்ளேயே கறையானால் பொடியாகி இருந்தன.

அதன் பின்னர் நடந்ததைச் சுருங்கக் கூறுகிறேன். தளத்தைப் பிரித்தோம். சாரக் கம்பங்கள் விழுந்து புதிய தரை விரிந்தது. ஐப்பசி மழை முழுவதையும் தார்ப்பாயின் அடியில் கழித்தோம். மூன்று லட்சம் என்று எண்ணியது 4,70,000 ரூபாயில் நின்றது. மிகுந்த 1,70,000 ரூபாயில் 1,50,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கிய கடன். வட்டி மட்டும் மாதம் 3,000 ரூபாய். எஞ்சிய 20,000 ரூபாய் என் இளைய மகளின் விடுதிக் கட்டணத்துக்கென வைத்திருந்தது. அவ்வாண்டு அவள் நாள்தோறும் பேருந்தில் கல்லூரிக்குச் சென்று வந்தாள். எல்லாவற்றுக்கும் முதற்காரணமாக இருந்த குளியலறை, எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தை மாதத்தில் முடிந்தது. மேஸ்திரி மீது குற்றம் இல்லை. அவரிடம் கேட்கப்பட்டது ஒரு தொகை, அவர் சொன்னதும் ஒரு தொகை.

நான் செய்திருக்க வேண்டியது என்ன? முதலில் வீட்டைச் சோதித்திருக்க வேண்டும். நல்ல மழை பெய்யும் நாளில் அறை அறையாகச் சென்று மேலே பார்த்தால், எங்கே ஒழுகுகிறது, எங்கே ஈரம் இறங்குகிறது என்பது தானே விளங்கும். சுவரை ஒரு மரக்கட்டையால் மெல்லத் தட்டிச் செல்லுங்கள். பூச்சு செங்கலை விட்டுப் பிரிந்த இடத்தில் ஓசை பொள்ளலாகக் கேட்கும். உத்திரங்களும் கட்டைகளும் சுவரில் புகும் முனையில்தான் ஈரம் தங்கும். கறையானும் அங்கேதான் முதலில் ஏறும். ஒரு கூரிய ஆணியால் அந்த முனையைக் குத்திப் பார்த்தால், நல்ல மரம் எதிர்க்கும். கெட்ட மரம் வழிவிடும். சுவரில் வெடிப்பு இருந்தால், அதன் குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டி, அதில் அன்றைய தேதியை எழுதி வையுங்கள். சில மாதங்களில் காகிதம் கிழிந்தால், வெடிப்பு இன்னும் வளர்கிறது என்பது பொருள். அது பூச்சால் மறைக்கத்தக்கதன்று; அடித்தளத்தைப் பார்க்கப் பொறியாளரை அழைக்க வேண்டியது.

அடுத்தது அளத்தல். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள ஓர் அறையின் சுவர்களுக்குப் புதிய சிமெண்டுப் பூச்சு வேண்டும் எனக் கொள்வோம். நீளமும் அகலமும் கூட்டினால் 7, இருமடங்கு 14, உயரத்தால் பெருக்க 42 சதுர மீட்டர். கதவுக்கு 2, சன்னல்களுக்கு 2 கழிக்க, 38 சதுர மீட்டர். பூச்சின் தடிப்பு 12 மில்லிமீட்டர் என்றால் கலவையின் கன அளவு ஏறத்தாழ 0.46 கன மீட்டர். செங்கல் இடுக்குகளில் புகுவதற்கும் சேதாரத்துக்கும் நூற்றுக்கு 30 கூட்டினால் 0.6 ஆகும். உலர்ந்த சிமெண்டும் மணலும் நீர் சேர்ந்ததும் சுருங்குமாதலால், மேலும் மூன்றில் ஒரு பங்கு கூட்ட, 0.8 கன மீட்டர். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் எனில், ஆறில் ஒரு பகுதி சிமெண்டு, அதாவது 0.133 கன மீட்டர். 50 கிலோ மூட்டை ஒன்றின் கன அளவு 0.035 கன மீட்டர். வகுத்துப் பாருங்கள்; நான்கு மூட்டை போதும். மணல் 0.67 கன மீட்டர், ஏறக்குறைய 23 கன அடி. நூறு கன அடியை ஒரு யூனிட் என்பது நம் நாட்டுக் கட்டட வழக்கு. ஆக, கால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. இக்கணக்கைப் போடக் கால் மணி நேரம் ஆகாது. போடாதவர்கள் எட்டு மூட்டை வாங்கி, மிஞ்சியவற்றை மழைக்காலத்தில் கல்லாக்குவதை நான் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

அளந்தால் வேறொரு நன்மையும் உண்டு. ஓட்டுக் கூரையை நீக்கிவிட்டுக் கான்கிரீட் தளம் போட வேண்டும் என்பது இன்று பல வீடுகளின் ஆசை. அதே 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறையின்மேல் 12 சென்டிமீட்டர் தடிப்பில் தளம் போட்டால், அதன் கன அளவு 1.44 கன மீட்டர். கம்பி சேர்ந்த கான்கிரீட் கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,500 கிலோ. எனவே தளத்தின் எடை 3,600 கிலோ. ஓடும் மரமும் சேர்ந்த கூரை இதில் ஒரு சிறு பகுதியே. மண் சாந்தில் எழுப்பிய பாட்டனார் காலத்துச் சுவர் இச்சுமையைத் தாங்குமா என்பதை அறிந்து சொல்லப் பொறியாளர் வேண்டும். அவருக்குக் கொடுக்கும் ஊதியத்தை வீண் செலவென்று கருதலாகாது. எங்கள் கூடத்துக்கு அவ்வாசை எழுந்தபோது, பொறியாளர் ஒருவர் சுவரைப் பார்த்துவிட்டுத் தடுத்தார். அந்த ஓடுகள் இன்றும் இருக்கின்றன. இத்தகைய மாற்றங்களுக்கு உள்ளாட்சி மன்றத்தின் இசைவும் தேவை.

பிறகு வேலைகளின் முறை. நீர் எவ்வழியே வருகிறதோ அவ்வழியே வேலையும் வர வேண்டும் என்பேன். முதலில் மேல்தளம், அடுத்துச் சுவர், சுவருக்குள் செல்லும் குழாயும் மின்கம்பியும், அதன்பின் பூச்சு, அதன்பின் தரை, எல்லாவற்றுக்கும் இறுதியில் வண்ணம். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். காலமும் கருதத்தக்கது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் நம் பகுதியில், தையில் கூரையைப் பிரித்தவனுக்கு அவகாசம் உண்டு. ஆவணியில் பிரித்தவனுக்கு இல்லை. கோடையில் கான்கிரீட் போட்டால், பத்து நாளுக்குக் குறையாமல் நீர் தேக்கி நனைக்க வேண்டும். கிணறு வற்றும் ஊர்களில் தண்ணீர் வண்டிக்கும் ஒரு தொகை எழுத வேண்டும்.

தொகையைப் பிரிக்கும்போது, இன்றியமையாதவை, பயன் தருபவை, அழகு தருபவை என மூன்று பத்திகள் இட்டு, முதற்பத்தி முழுதும் நிறைவேறும் வரை மூன்றாம் பத்தியைத் தொடாதீர்கள். பணம் போதாதெனில் மூன்றாம் பத்தியிலிருந்து வெட்டுங்கள். கலவையில் சிமெண்டைக் குறைத்து மிச்சம் பிடிக்க எண்ணாதீர்கள். எதிர்பாராச் செலவுக்கெனப் புதிய கட்டடங்களின் மதிப்பீட்டில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை ஒதுக்குவது வழக்கம். பழைய வீட்டுக்கு அது போதாது. ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி, அது இருப்பதையே மறந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. கையில் மூன்று லட்சம் இருந்தால், இரண்டரை லட்சத்துக்கே திட்டமிட வேண்டும். அதில் ஐந்தில் ஒன்றாகிய அரை லட்சம் அறிய முடியாதவற்றுக்காகக் காத்திருக்கும்.

கூலி பேசுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பூச்சு, தரை, வண்ணம் போன்று அளக்கக் கூடியவற்றைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசலாம். உடைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்ற வேலையை அவ்வாறு பேசினால், ஒன்று கொத்தனார் நட்டப்படுவார், அல்லது நாம் நட்டப்படுவோம். அதற்குத் தினக்கூலியே நேர்மையானது. பணத்தையும் முடிந்த வேலையை அளந்த பின்னரே பகுதி பகுதியாகக் கொடுக்க வேண்டும்.

இப்போது என்னிடம் 80 பக்கக் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் அறையின் அளவும், வாங்கிய பொருளும், கொடுத்த கூலியும் தேதியுடன் அதில் உள்ளன. அதன் கடைசிப் பக்கத்தில், எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்தில் குழாய் செல்கிறது, மின்கம்பி எங்கே திரும்புகிறது என்று என் மகள் படம் வரைந்து அளவு குறித்திருக்கிறாள். சென்ற ஆண்டு குளியலறைக் குழாய் ஒன்று கசிந்தபோது, அப்பக்கத்தைப் பார்த்துக் கொத்தனார் ஒரே ஒரு டைல்ஸை மட்டும் பெயர்த்தார்.