கரியும் பிளாஸ்டிக்கும் கலந்தால் மின்சாரம் எந்த வழியில் போகும்?

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது, கரி கடத்தும். உருக்கிய பிளாஸ்டிக்கில் நுண்ணிய கரித்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொண்டே போனால் என்ன ஆகும்? கரி ஏற ஏற மின்கடத்தலும் அதே கணக்கில் ஏறும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் முதலில் வெகுதூரம் வரை எதுவும் மாறாது. கலவை ஏறக்குறைய வெறும் பிளாஸ்டிக்காகவே இருக்கும். ஒரு குறிப்பிட்ட அளவை நெருங்கியதும், மேலும் ஒருசில சதவீதம் கரி சேர்வதற்குள் மின்கடத்துதிறன் பல லட்சம் மடங்கு எகிறிவிடும்.

கரி எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் இங்கே போதாது. கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சங்கிலியாகச் சேர்ந்திருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. சங்கிலி ஓர் இடத்தில் அறுந்திருந்தாலும் அந்த வழி மூடியதுதான்.

மேக்ஸ்வெல் 1873-இல் வெளியிட்ட மின்காந்தவியல் நூலில் இத்தகைய கலவைக்கு ஒரு சூத்திரம் தந்தார். சிதறிக் கிடக்கும் சிறு கோளங்கள் ஒன்றுக்கொன்று விலகி இருக்கும்வரை அது நன்றாகவே பொருந்தும். அவை தொடத் தொடங்கும்போது நிகழும் தாவல் அதில் அகப்படாது. அதற்கான கணிதம் 1957-இல்தான் வந்தது. வாயு முகமூடிகளில் உள்ள கரியின் நுண்துளைகளுக்குள் வாயு எப்படிப் புகுகிறது என்று ஆராய்ந்த சைமன் பிராட்பென்ட், ஜான் ஹாமர்ஸ்லியுடன் சேர்ந்து, இப்படித் தற்செயலாக அமையும் தொடர்வழிகளை ஆராயும் ‘பெர்கோலேஷன்’ கோட்பாட்டை வகுத்தார்.

இதை யாரும் புரிந்துகொள்ளும்படி காட்டிய சோதனை 1971-இல் வெளியானது. லாஸ்ட், தவ்லெஸ் என்ற இரு இயற்பியலாளர்கள் (பின்னவர் 2016-இல் நோபல் பரிசு பெற்றவர்) மின்சாரம் கடத்தும் கிராஃபைட் தாளில் கட்டங்களைத் தற்செயலாகத் தேர்ந்து துளையிட்டுக்கொண்டே போனார்கள். ஏறத்தாழ 59 சதவீதக் கட்டங்கள் எஞ்சியிருந்த நிலையில் மின்னோட்டம் நின்றது. பாதிக்கு மேல் தாள் மிச்சம் இருந்தும் குறுக்கே போக வழியில்லை!

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, நிற்பதற்குச் சற்று முன்பு அவர்கள் கண்டது. அப்போது எஞ்சிய தாளின் பெரும்பகுதி ஒன்றோடொன்று இணைந்தேதான் இருந்தது. ஆனாலும் மின்னோட்டம் மிக மெலிந்திருந்தது. இணைந்த பகுதியில் பெரும்பங்கு முட்டுச்சந்துகள். உள்ளே நுழையலாம், மறுபக்கம் வெளியேற முடியாது. மின்னோட்டம் முழுவதையும் தாங்கியவை ஒருசில ஒடுங்கிய வழிகளே. ஆகவே, இணைப்பு இருந்தால் மட்டும் போதாது. அதில் எவ்வளவு பகுதி உண்மையில் மின்சாரத்தைச் சுமக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

தாளில் வழி அடைபட்டால் பக்கவாட்டில் மட்டுமே விலகலாம். கனமான பொருளில் மேலும் கீழும்கூடச் சுற்றிப் போகலாம். அதனால் அங்கே பாதை அமையத் தேவைப்படும் வாசல் அளவு குறைவு: கோள வடிவத் துகள்கள் தற்செயலாகக் கலந்திருந்தால் கனஅளவில் சுமார் 16 சதவீதம் என்று ஷேர், ஸாலன் என்ற இயற்பியலாளர்கள் 1970-இல் கணக்கிட்டனர். துகள் நீண்டிருந்தால் இன்னும் குறையும். இழைபோன்ற கார்பன் நானோகுழாய்கள் தொலைவில் உள்ளவற்றையும் எட்டித் தொடுவதால், ஒரு சதவீதத்துக்கும் கீழேயே பாதை அமைந்துவிடும்.

மின்கடத்தலின் இந்தத் தாவலையே வேலைக்கு வைத்துக்கொண்ட கருவி பாலிஃப்யூஸ். பல கணினிகளின் யுஎஸ்பி முனையிலும் பேட்டரித் தொகுப்புகளிலும் அது இருக்கிறது. பாலிஎத்திலீனில் கரித்துகள்கள் சங்கிலியாக நிற்கும் அளவுக்குக் கலந்திருப்பார்கள். மின்னோட்டம் அளவு மீறினால் கலவை சூடேறும். பிளாஸ்டிக்கின் படிகங்கள் உருகிப் பொருள் விரியும். துகள்கள் விலகிச் சங்கிலிகள் அறும். மின்தடை பல ஆயிரம் மடங்கு உயர, சுற்றில் ஓடும் மின்சாரம் பெயரளவுக்குச் சுருங்கிவிடும். மின்சாரத்தைத் துண்டித்து ஆறவிட்டால் பிளாஸ்டிக் மறுபடி படிகமாகிச் சுருங்கும், துகள்கள் மீண்டும் தொடும். அவை பழைய இடத்துக்கே அச்சாகத் திரும்புவதில்லை என்பதால், ஒருமுறை துண்டித்த பாலிஃப்யூஸின் மின்தடை முன்பைவிடச் சற்றுக் கூடியே நிற்கும். சுற்றை வடிவமைப்பவர்கள் அந்தக் கூடுதலையும் கணக்கில் சேர்த்துத்தான் அதன் அளவைத் தேர்வு செய்கிறார்கள்.