லௌண்ட்ஸ் கவுண்டி: நிலமும் மக்கட்டொகையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாநிலத்திற்கு அடுத்த நிலையில் உள்ள ஆட்சிப் பிரிவு 'கவுண்டி' எனப்படும். அதனை 'மாவட்டம்' எனத் தமிழாக்குவோர் உளர். எனினும், பரப்பால் அது பெரும்பாலும் நம் மாவட்டத்தினும் சிறியது; தனக்கென நீதிமன்றமும், மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஷெரீப் என்னும் காவல் தலைவரும் உடைமையால் வட்டத்தினும் வேறாயது. ஆதலின் அச்சொல்லே ஈண்டு ஆளப்படுகின்றது. அந்நாட்டுத் தென்மாநிலங்களின் இலக்கியத்தைக் கற்பார்க்கு இப்பிரிவின் இயல்பை அறிதல் இன்றியமையாதது. வில்லியம் ஃபாக்னர் தம் புதினங்கள் பலவற்றிற்குக் களமாக ஒரு கவுண்டியையே கற்பனையிற் படைத்துக்கொண்டார். இக்கட்டுரை எடுத்துக்கொண்டது கற்பனையன்று. அலபாமா மாநிலத்து லௌண்ட்ஸ் கவுண்டி. அதன் மக்கட்டொகைப் பட்டியலை வெறும் எண்களாகப் படிப்பார் பெரிதும் பிழைபடுவர் என்பதே யான் நிறுவ முயல்வது.

மாண்ட்கொமரி, செல்மா என்னும் இரு நகர்களுக்கும் இடையே, அலபாமா ஆற்றினை வடவெல்லையாகக் கொண்டு, ஏறத்தாழ 1,880 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் இக்கவுண்டி கிடக்கின்றது. தலைமையூர் ஹேன்வில்; நகர் என்று கூறத்தகாத சிற்றூர். கிரெட்டேசியஸ் காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணப்பாறையும், அதன்மேற் பரந்த கரிய களிமண்ணுமே இந்நிலத்தின் உடல். இம்மண் குறித்தே இப்பகுதி முதற்கண் 'கரும்பட்டை' எனப் பெயர் பெற்றது. பின்னரே அப்பெயர் ஆங்கு வாழும் மக்களின் நிறத்தையும் சுட்டலாயிற்று. மழையில் விம்மிக் கோடையில் வெடிக்கும் இதனைக் கரிசல் எனலாம். நம் கரிசற்காட்டை அறிந்தார்க்கு இம்மண் எப்பயிரை அழைத்தது என்று கூற வேண்டுவதில்லை.

பருத்திக்கு முன்னர் இந்நிலம் கிரீக்கர் எனப்படும் மஸ்கோகிப் பழங்குடியினர்க்கு உரியதாயிருந்தது. அவர்கள் புனித நிலமெனக் கருதி ஆற்றங்கரையில் அமைத்திருந்த குடியிருப்பை அமெரிக்கப் படை 1813 டிசம்பர் 23-ஆம் நாள் தாக்கி அழித்தது. மறு ஆண்டில் ஜாக்சன் கோட்டை உடன்படிக்கையால் நிலம் கைமாறிற்று. 1830-இல் கவுண்டி அமைந்தபோது தென் கரோலினாவைச் சார்ந்த வில்லியம் லௌண்ட்ஸ் என்பாரின் பெயர் இதற்கும், அம்மாநிலத்தவரேயாகிய ராபர்ட் ஹேனின் பெயர் தலைமையூர்க்கும் இடப்பட்டன. பழங்குடிப் பெயர் ஆற்றிலும் மாநிலத்திலும் நிலைத்தது, அம்மக்கள் நிலைக்கவில்லை.

இனி எண்களைக் காண்பாம். 1830-இல் 9,410 ஆக இருந்த தொகை 1860-இல் 27,716 ஆயிற்று. இதனை வளர்ச்சி என்று வரைந்து செல்லும் நூல்கள் உள. ஆனால், இவருள் 19,340 பேர் அடிமைகள். வெள்ளையர் 8,362 பேர். உரிமை பெற்ற கறுப்பர் 14 பேரே. தாமே விரும்பி வந்து குடியேறியோரையும், பருத்திக்காக விலைக்கு வாங்கிக் கொணரப்பட்டோரையும் ஒரே கூட்டலில் அடக்குவது கணக்கிற்கு எளிது. அக்கால அரசியலமைப்பின்படி, சட்டமன்றமாகிய காங்கிரசில் மாநிலங்களுக்கு இடம் பகிரும்போது அடிமைத்தொகையில் ஐந்தில் மூன்று பங்கு சேர்த்தெண்ணப்பட்டது. 19,340-இல் அப்பங்கு 11,604. மாநிலத்தின் கணக்கிற்கு இக்கவுண்டி அளித்த வலிமையில் வெள்ளையர் தம் தொகையாற் சேர்ந்ததைவிட அவர்தம் அடிமைகளாற் சேர்ந்ததே மிகுதி என்பது இதனால் விளங்கும். 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் அடிமைப் பதிவேடுகளிலோ உடையவர் பெயரே உண்டு; அடிமைக்கு வயதும் பாலும் நிறமுமே குறிக்கப்பட்டன. அவர்களுட் பெரும்பாலோர் தம் பெயருடன் கணக்கேட்டில் முதன்முதலாக இடம்பெற்றது 1870-இல்தான். பெயராய்வில் ஈடுபடும் நம் மாணவர் இதனை மனங்கொள்வாராக.

விடுதலைக்குப் பின் மண் அதுவே, பயிரும் அதுவே, உழைத்தவர் வாரக்குடிகளாயினர். 1900-இல் தொகை 35,651 ஆகி உச்சம் எய்தியது. மறு ஆண்டே அலபாமாவின் புதிய அரசியலமைப்பு வாக்குவரி, எழுத்தறிவு, சொத்து முதலிய தடைகளால் கறுப்பரின் வாக்குரிமையைப் பறித்தது. பின்னர்ப் பருத்திக்காய் வண்டும், வடபுல ஆலைகளின் அழைப்பும், உழவுப் பொறிகளும் மக்களைப் பெயர்த்தன. 1960-இல் எஞ்சியோர் 15,417 பேர்.

அவருள் ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பர். ஆயினும், 1965-இன் தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் அவருள் ஒருவர் பெயரும் இல்லை. வெள்ளையர் பெயர்களோ வாக்கு வயதினரான வெள்ளையரின் தொகையையும் விஞ்சி நின்றன. இறந்தாரும் ஊர் நீங்கினாரும் வாக்களிக்க உரியராயினர் போலும்! அவ்வாண்டு மார்ச்சில் செல்மாவிலிருந்து மாண்ட்கொமரிக்கு நிகழ்ந்த நடைப்பயணம் இக்கவுண்டியின் ஊடே சென்றது. ஈண்டுச் சாலை இருவழியாகக் குறுகியமையால் முந்நூற்றுவர்க்கு மேல் நடத்தலாகாது என்று நீதிமன்றம் வரையறுத்திருந்தது. பயணம் முடிந்த 25-ஆம் நாள் இரவில், அதே சாலையில் வயோலா லியூசோ என்னும் பெண்மணி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டு 20-இல் ஹேன்வில்லில் இறையியல் மாணவர் ஜானத்தன் டேனியல்ஸ் கொல்லப்பட்டார். சுட்டவரை வெள்ளையரே நிறைந்த நடுவர் குழு விடுவித்தது.

வாக்குரிமைக்குப் பதிந்த குடியானவர்கள் நிலக்கிழாரால் வெளியேற்றப்பட்டுச் சாலையோரக் கூடாரங்களில் வாழ்ந்தனர். எழுத்தறியாதார்க்காகக் கட்சிகள் சின்னம் கொள்ளுதல் அம்மாநில முறை; இம்மக்கள் அமைத்த லௌண்ட்ஸ் கவுண்டி உரிமை இயக்கம் கருஞ்சிறுத்தையைச் சின்னமாகக் கொண்டது. 1966 அக்டோபரில் ஓக்லந்தில் தோன்றிய கருஞ்சிறுத்தைக் கட்சி அச்சின்னத்தை இங்கிருந்தே பெற்றது. இதனை மாற்றி உரைப்பார் பலர். 1966 நவம்பர்த் தேர்தலில் இவ்வியக்கத்தார் அனைவரும் தோற்றனர். அதன் தலைவர்களுள் ஒருவராகிய ஜான் ஹியூலட் 1970-இல் ஷெரீப் ஆனார். இருபத்திரண்டு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார்.

2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஆங்கு வாழ்வோர் 10,311 பேர். 1830-இன் தொகையினும் 901 பேரே மிகுதி. பருத்தி பெரும்பாலும் மறைந்து மேய்ச்சலும் பைன் காடும் பரந்தன. மண் மட்டும் மாறவில்லை. நீரை எளிதில் உள்வாங்காத அக்களியில் சாதாரணக் கழிவுநீர்த் தொட்டி பயன்படுவதில்லை. ஏற்ற அமைப்பை நிறுவும் செலவோ ஏழைக் குடும்பங்களின் ஆற்றலுக்கு மேற்பட்டது. ஆதலின் பல வீடுகளின் கழிவு குழாய்வழியே வெளிநிலத்தில் வந்து நின்றது. 2017-இல் வெளியான ஆய்வொன்றில் சோதிக்கப்பட்ட 55 பேருள் 19 பேரிடம் கொக்கிப்புழுவின் அறிகுறி காணப்பட்டது. சிறு தொகையாதலின் அதனைக் கவுண்டி முழுமைக்கும் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. 2021-இல் நடுவண் நீதித்துறை இதனை ஆராயத் தொடங்கி, 2023 மே திங்களில் மாநில நலத்துறையோடு உடன்பாடு செய்துகொண்டது. 2025 ஏப்பிரலில் அதே நீதித்துறை அவ்வுடன்பாட்டை முடித்துக்கொண்டது.