இரும்பின் பாதை – 9: ஒரே குழாய், மூன்று கணக்கு

சென்ற வாரம் ஊது உலையின் அடிவாயில் நின்று உருகிய இரும்பு ஓடுவதைப் பார்த்தோம். இந்த வாரம் அண்ணாந்து உலையின் உச்சியைப் பார்ப்போம். இரும்பு கீழே இறங்க, வாயு மேலே ஏறுகிறது. ஒரு டன் இரும்பு உருகி வருவதற்குள் சுமார் 1,500 கன மீட்டர் வாயு உச்சி வழியே வெளியேறிவிடும். ஆலையில் இதற்கு 'பி.எஃப். கேஸ்' என்று பெயர்.

அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கார்பன் மோனாக்சைடு. சமையல் கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். அதற்கென்றே நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, வாடையும் இல்லை. எட்டு மணி நேர வேலையில் காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்குக்கு மேல் இது இருக்கக்கூடாது என்றது நமது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். குழாய்க்குள் இருப்பதோ இரண்டு லட்சம் பங்குக்கும் மேல். அதாவது 4,000 மடங்கு.

2014 ஜூன் 12. சத்தீஸ்கரின் பிலாய் உருக்காலை. உச்சியிலிருந்து வரும் வாயுவில் தூசி அதிகம். அதைத் தண்ணீரால் கழுவித்தான் அனுப்புவார்கள். தண்ணீர் அழுத்தத்தோடு வரும்வரை வாயுவுக்கு அந்தத் தண்ணீர்க் குழாயில் நுழைய வழியில்லை. அன்றைக்குத் தண்ணீர் தடைப்பட்டது. அழுத்தம் இறங்கியதும், தண்ணீர் வந்த வழியே வாயு திரும்பி நடந்தது. போய்ச் சேர்ந்த இடம், ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த பம்ப் ஹவுஸ். ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் உயர் அதிகாரிகள். நெருப்புக் குழம்பின் அருகில் அல்ல, தண்ணீர்க் குழாயின் அருகில்தான் சாவு வந்தது.

இதே வாயுவை இன்னொரு கண்ணால் பாருங்கள். இது எரியும். உலைக்குள் ஊதும் காற்றைச் சூடாக்குவதும், கொதிகலனை எரிய வைப்பதும் இதுதான். வாங்கிக்கொள்ள ஆளில்லாத நேரத்தில் புகைபோக்கி உச்சியில் எரித்துவிடுவார்கள். இரவில் தொலைவிலிருந்து பார்க்க அழகாக இருக்கும். காசு கொடுத்து வாங்கிய நிலக்கரியின் ஒரு பகுதிதான் அப்படி வானத்தில் எரிகிறது.

வாயுவிடம் வெப்பம் மட்டுமில்லை, அழுத்தமும் உண்டு. முன்பெல்லாம் வால்வை நெருக்கி அந்த அழுத்தத்தை வீணாக்கினார்கள். இன்று அதே இடத்தில் ஒரு டர்பைனை வைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். இதற்குக் கூடுதலாக ஒரு பிடி கரிகூடத் தேவையில்லை.

அடுத்து வந்ததுதான் உலர் சுத்திகரிப்பு. தண்ணீருக்குப் பதில் துணிப்பை வடிகட்டிகள், நம் வீட்டு மாவுச் சல்லடையின் பெரியப்பா மாதிரி. சீனாவின் புதிய உலைகளில் இது பரவலாக இருக்கிறது. கழுவாததால் வாயு சூடு ஆறாமல் டர்பைனுக்குப் போகிறது, மின்சாரம் கூடுகிறது. சயனைடு கலந்த கழுவுநீரும் சேறும் இல்லை. அவற்றைச் சுத்தப்படுத்தும் செலவும் இல்லை. முக்கியமாக, வாயு திரும்பி நடக்க அந்தத் தண்ணீர்க் குழாயே இல்லை.

உற்பத்தித் திறன், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் என்று ஆலைகளில் மூன்று பிரிவுகள். மூன்றுக்கும் தனித்தனி அறை, தனித்தனி ஃபைல், தனித்தனி மீட்டிங். ஆனால் அந்த மூன்று ஃபைலும் ஒரே குழாயைப் பற்றியவைதான். கசிவை அடைத்தால் ஆள் பிழைக்கிறார், எரிபொருள் மிஞ்சுகிறது, காற்றும் தப்புகிறது. 'பாதுகாப்புக்குச் செலவு செய்தால் உற்பத்தி அடிபடும்' என்பவர்கள் ஒரு ஃபைலை மட்டும் படித்தவர்கள்.

உலர் முறை வந்தால் ஆபத்து ஒழிந்தது என்றும் இல்லை. துணிப்பை கிழியும். மாற்ற ஒருவர் அந்தக் கலனைத் திறந்தாக வேண்டும். அதற்கு முன் குழாயை அடைத்து, நைட்ரஜன் செலுத்தி வாயுவை விரட்டி, பிறகு காற்றை நிரப்பி, அளந்து பார்க்க வேண்டும். அளக்காமல் திறப்பவருக்கு, சட்டைப் பையில் மாட்டிய, வாயுவை உணரும் கைக்கடக்கமான கருவியின் அலறல் மட்டுமே துணை. மூக்கு சொல்லாததை அதுதான் சொல்லும்.

அடுத்த வாரம்: ஆயிரம் டிகிரியில் தகிக்கும் கற்கரியை விசாகப்பட்டினம் ஆலை தண்ணீர் ஊற்றாமல் எப்படி ஆற்றுகிறது?

(தொடரும்)