கூப்பிடாமலே எப்படித் தெரியும்?

பிள்ளைகளே, வீட்டில் யாராவது கைத்தொலைபேசியில் ஒரு புதிய செயலிக்குப் பதிவு செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தொலைபேசி இலக்கம் கேட்கும் பெட்டியில் ஓர் எண்ணைக் குறைத்து அடித்தால், இலக்கம் பிழை என்று சிவப்பு எழுத்தில் உடனே காட்டும். அது அந்த இலக்கத்துக்கு அழைத்துப் பார்க்கவில்லை. அதற்கு நேரமும் இருக்கவில்லை. பிறகு எப்படித் தெரிந்தது?

ஏதோ கணக்குப் போட்டிருக்கும் என்று உங்களில் பலர் சொல்வீர்கள். சில இலக்கங்களில் அது உண்மைதான். குசினியில் இருந்து ஒரு பிஸ்கட் பைக்கற்றை எடுத்து வாருங்கள். கறுப்புக் கோடுகளுக்குக் கீழே 13 எண்கள் இருக்கும். இலங்கையில் பதிந்த பொருளென்றால் அவை 479 என்று தொடங்கும். இடப்பக்கத்தில் இருந்து 1ஆம், 3ஆம், 5ஆம் என்று ஒற்றை இடங்களில் உள்ள எண்களைக் கூட்டுங்கள். 2ஆம், 4ஆம் என்று இரட்டை இடங்களில் உள்ளவற்றைத் தனியாகக் கூட்டி 3ஆல் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் சேர்த்தால் கடைசியில் 0 வரும். எந்தப் பைக்கற்றாக இருந்தாலும் வரும். ஏனென்றால் 13ஆவது எண், கூட்டுத்தொகை 0இல் முடிய வேண்டும் என்பதற்காகவே சேர்த்த காவல் எண். ஓர் எண் மாறினாலும் விடை குழம்பி, பிழை பிடிபட்டுவிடும். (அடுத்தடுத்து நிற்கும் 1ஐயும் 6ஐயும் இடம் மாற்றி அடித்தால் இந்தக் காவலாளி தூங்கிவிடுவார். ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.)

தொலைபேசி இலக்கத்தில் இப்படி ஒரு காவல் எண் கிடையாது. வைத்திருக்கலாமே என்றால், அதற்கு விலை அதிகம். யாழ்ப்பாணத்து நிலையான இணைப்பு ஒன்று 021 என்று தொடங்கும். அடுத்த எண் எந்த நிறுவனம் என்பதைச் சொல்லும். ஸ்ரீலங்கா ரெலிகொம் என்றால் பெரும்பாலும் 2. மிச்சம் 6 எண்கள். அந்த ஆறில் 10 இலட்சம் இலக்கங்கள் அடங்கும். ஆறில் ஒன்றைக் காவலுக்குக் கொடுத்தால் 1 இலட்சம்தான் மிஞ்சும். அதனால் காவலை விட்டுவிட்டார்கள். ஓர் எண்ணைப் பிழையாக அழுத்தினால் முன்பின் தெரியாத ஒருவர் "ஹலோ" என்பது இதனால்தான்.

ஆகவே கணக்கால் சோதிக்க முடியாது. வேறு ஒரே வழி பட்டியல். எந்த நாட்டில் எந்தத் தொடக்கம் இருக்கிறது, அதற்குப் பின் எத்தனை எண்கள் வரலாம் என்று உலகம் முழுவதற்கும் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும் மென்பொருள்களில் பெயர்பெற்றது கூகுள் நிறுவனம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட லிப்போன்நம்பர். அண்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளுக்குள்ளேயே அது இருக்கிறது.

அதில் இலங்கைக்கு உரிய பகுதி என்ன சொல்கிறது என்று பேச்சுத் தமிழில் சொல்கிறேன்: "முன்னால் நிற்கும் 0ஐத் தூக்கிவிடு. மிச்சம் 9 எண் இருக்கவேணும். அது 21 என்று தொடங்கினால் அடுத்தது 2, 3, 4, 5, 7 இவற்றில் ஒன்றாக இருக்கவேணும். 7 என்று தொடங்கி, அடுத்த எண்ணும் பட்டியலில் இருந்தால் அது கைத்தொலைபேசி." முதலில் எண்ணிக்கையைப் பார்க்கும், அது சரியென்றால்தான் தொடக்கத்தைப் பார்க்கும். இரண்டும் சரியென்றாலும், அந்த இலக்கம் உண்மையில் யாரிடமாவது இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் பல செயலிகள் குறுஞ்செய்தியில் ஒரு இரகசிய இலக்கம் அனுப்பிக் கேட்கின்றன.

இலங்கைக்கு 94 என்ற நாட்டுக் குறியீட்டைத் தந்தது ஐக்கிய நாடுகளின் அமைப்பான சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம். 9 என்று தொடங்குபவை பெரும்பாலும் நம் பக்கத்து நாடுகளும் மேற்காசிய நாடுகளும்: இந்தியா 91, பாகிஸ்தான் 92, மியன்மார் 95. ஆனால் மாலைதீவு 960, மூன்று எண்கள். குறியீடு இரண்டு எண்ணோடு முடிந்ததா, மூன்றாவதும் உண்டா என்று இயந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கும்? இலங்கை 94ஐ எடுத்துக்கொண்டதால் 940, 941 என்று எந்த நாட்டுக்கும் கொடுக்கமாட்டார்கள். 96 தனியாக எந்த நாட்டுக்கும் இல்லை. அதனால் 96 வந்தால் மூன்றாவது எண்ணுக்காகக் காத்திரு, 94 வந்தால் காத்திராதே. இவ்வளவு எளிய விதியில் உலகம் முழுவதும் ஓடுகிறது. நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து ஓர் இலக்கம் 15 எண்களைத் தாண்டக்கூடாது என்பதும் ஒன்றியத்தின் விதி.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இந்தப் பட்டியல் மற்றவர்களைவிட அதிகம் தேவை. ஒரே வீட்டுத் தொலைபேசியில் ரொறன்ரோ மாமா, லண்டன் சித்தி, பலெர்மோவில் பெரியப்பா, சென்னையில் படிக்கும் அண்ணா என்று நாலு நாட்டு இலக்கங்கள் இருக்கும். நாலும் நாலு விதம். இத்தாலியின் பலெர்மோ நகரக் குறியீடு 091. எங்கள் காலியின் குறியீடும் 091! வெளிநாட்டில் இருந்து காலிக்கு எடுக்கும்போது 0 போய் +94 91 ஆகும். இத்தாலியில் 0 போகாது, +39 091 என்றே அடிக்க வேண்டும். 0ஐக் கண்டதும் வெட்டிவிடும் மென்பொருள் பெரியப்பாவின் இலக்கத்தைக் கெடுத்துவிடும். சென்னையின் 044ஐயும் பிரித்தானியாவின் +44ஐயும் பார்த்துக் குழம்பாதவர் குறைவு.

இன்னும் வேடிக்கையானது கொழும்பின் 011. கனடாவில் 011 என்றால் "வெளிநாட்டுக்கு அழைக்கப் போகிறேன்" என்று பொருள். கொழும்பு இலக்கம் ஒன்று 011 258 என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ரொறன்ரோ மாமா +94 போடாமல் அதை அப்படியே அழுத்தினால், அங்குள்ள இணைப்பகம் 011ஐ வெளிநாட்டு வாசலாக எடுத்துக்கொண்டு, 258 எந்த நாடு என்று பார்க்கும். அது ஆபிரிக்காவில் உள்ள மொசாம்பிக். + என்ற சின்ன அடையாளத்தைப் போட்டால், அடுத்து வருவது நாட்டுக் குறியீடு என்று எல்லா நாடுகளிலும் விளங்கும்.

பட்டியலைச் செய்வது ஒருமுறை வேலை. அதைக் காலத்துக்கு ஏற்பத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் முடிவில்லாத வேலை. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். 1947இல் ரொறன்ரோவுக்குக் கொடுத்த குறியீடு 416. இலக்கங்கள் போதாமல் 2001இல் 647 வந்தது, 2013இல் 437, 2025இல் 942. இந்தக் கடைசியைக் கவனித்தீர்களா? எங்கள் யாழ்ப்பாண இலக்கத்தையும் + இல்லாமல் எழுதினால் 9421 என்றுதான் தொடங்கும். இரண்டையும் பிரித்தறிய மென்பொருளுக்கு இரு தடயங்கள் உண்டு: கனடா இலக்கத்தில் 10 எண்கள், எங்களுடையதில் 94ஐச் சேர்த்து 11. அதோடு கனடாவில் நகரக் குறியீட்டுக்கு அடுத்து 0 அல்லது 1 வரக்கூடாது.

நாடுகளே மாறுவதும் உண்டு. கிழக்கு ஜேர்மனி 37ஐ வைத்திருந்தது. ஜேர்மனி ஒன்றானதும் அது மறைந்து, பிறகு 370 லித்துவேனியாவுக்கும் 371 லத்வியாவுக்கும் போனது. 2011இல் பிறந்த தென் சூடானுக்கு 211. இலங்கையிலும் ஒருகாலம் கொழும்பு 01, கண்டி 08. உங்கள் அப்பா, அம்மாவிடம் கேளுங்கள், நினைவிருக்கும். நிறுவனங்களும் மாறுகின்றன. எடிசலாட்டின் 072, 2018இல் ஹட்ச் நிறுவனத்தோடு சேர்ந்தது. 2024இல் எயார்டெல் லங்கா டயலொக்கோடு சேர்ந்தது.

நாளைக்கு எங்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு 073ஐத் திறந்துவிடுகிறது என்று வையுங்கள். பட்டியலைத் திருத்தாத வங்கிச் செயலி ஒன்று, புதிதாக 073 வாங்கிய ஒருவரை "உமது இலக்கம் பிழை" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும். அவரில் பிழை இல்லை, பட்டியல் பழசு. அதனால்தான் ஒழுங்குறுத்துநர்களின் அறிவித்தல்களையும் ஒன்றியம் மாதம் இருமுறை வெளியிடும் அறிக்கையையும் வாசித்து, மாற்றங்களைப் பதிந்து, பழைய இலக்கங்கள் உடைகின்றனவா என்று சோதித்து, திரும்பத் திரும்பப் புதிய பதிப்பு வெளியிட ஆட்கள் வேண்டியிருக்கிறது. யாரோ சொன்னார் என்பதற்காக ஒரு தொடக்கத்தைச் சேர்க்கமாட்டார்கள். அரசு ஆவணமோ நிறுவனத்தின் அறிவித்தலோ ஆதாரமாக வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் ஆராய்ச்சிக்குச் சற்றும் குறைந்ததில்லை.

நீங்களும் சோதனை செய்யலாம். வீட்டுத் தொலைபேசிப் புத்தகத்தில் உள்ள இலக்கங்களை எல்லாம் + போட்டு, நாட்டுக் குறியீட்டோடு திருத்தி எழுதிப் பாருங்கள். எந்த நாட்டில் 0 விழுகிறது, எங்கே விழவில்லை என்று குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். (இலக்கங்களை அனுப்ப வேண்டாம், கண்டுபிடிப்பை மட்டும் அனுப்புங்கள்.) ஆனால் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990 இரண்டையும் விளையாட்டுக்கு அழுத்தவே கூடாது. அந்த நேரத்தில் உண்மையான நோயாளி ஒருவர் வரிசையில் காத்திருக்கலாம்.