கடைசி உருண்டை

சர்க்கரை, பிரஷர் மாத்திரைப் பையோடு பெரம்பலூர் மாவட்டத்தில் குன்னம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போவது என் வேலை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நான் தன்னார்வலர். எந்த வீட்டிலும் "சோத்தைக் குறைங்க" என்பேன். "குறைச்சுட்டேம்மா" என்பார்கள். தட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எங்கள் வயலில் விளைகிற மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. நாங்கள் மூன்று வேளையும் அரிசி. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்.

சோற்றால் அவதிப்பட்ட ஒரு ராஜாவின் கதை பாலி மொழியிலுள்ள சம்யுத்த நிகாயத்தில் வருகிறது. கோசல நாட்டு மன்னன் பசேனதி மரக்கால் கணக்கில் சோறு தின்றுவிட்டு, மூச்சு வாங்கியபடி புத்தரிடம் வந்தான். அவர் அவனைப் பட்டினி போடவில்லை. எலும்பும் தோலுமாகப் பட்டினி கிடந்து, அதில் பயனில்லை என்று கண்டவர் அல்லவா? அளவறிந்து உண்பவனுக்கு உபாதை குறையும், மூப்பும் மெல்ல வரும் என்ற கருத்தில் ஒரு பாட்டு மட்டும் சொன்னார். அதைச் சுதஸ்ஸனன் என்ற இளைஞன் மனப்பாடம் செய்து, ராஜா சாப்பிடும்போதெல்லாம் சொல்ல வேண்டும். கூலி நாளுக்கு 100 கஹாபணம், அந்தக் காலத்துக் காசு!

தம்மபத உரை சொல்லும் விவரம்தான் எனக்குப் பிடித்தது. ராஜா கடைசி உருண்டையை எடுக்கும்போது பையன் பாட்டைச் சொல்வான். ராஜா அதை வைத்துவிடுவான். அந்த உருண்டையில் எத்தனை பருக்கையோ, அடுத்த வேளை உலையில் அவ்வளவு அரிசி குறையும். இப்படியே நாழி அரிசிச் சோற்றுக்கு இறங்கி, உடம்பு இளைத்துத் தெம்பானான்.

நாலைந்து வாய் பாக்கி இருக்கும்போதே நிறுத்தித் தண்ணீர் குடிக்கச் சொன்னவர் புத்தரின் சீடர் சாரிபுத்தர். வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்ட 20 நிமிடம் போல ஆகும் என்று இன்றைக்கு டாக்டர்கள் சொல்வதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது.

ராஜாவுக்கே நினைவூட்ட ஒரு ஆளும் உலையில் குறைக்க ஒரு ஆளும் தேவைப்பட்டார்கள். அதனால் நோயாளியிடம் பேசுவதை நான் குறைத்துக்கொண்டேன். உலை வைப்பவரிடமும் பரிமாறுபவரிடமும் பேசுகிறேன். ஒரு பெரியவர் வீட்டில் மூன்றாம் வகுப்புப் பேத்தியிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறோம். "தாத்தா, போதும்" என்பாள். மருமகள் சொன்னால் கோபம் வரும் மனுஷனுக்கு, அவள் சொன்னால் சிரிப்பு வருகிறது.

எங்கள் ஒகளூரிலும் அரியலூர்ப் பக்கம் விக்கிரமங்கலத்திலும் பழைய கல் புத்தர் உண்டு. வழியில் அவரைக் கும்பிடுகிற சிலர், பிக்குகளைப் போல நடுப்பகலுக்குப் பிறகு சாப்பிடாமல் இருக்கலாமா என்று கேட்கிறார்கள். அது பிச்சை ஏற்று வாழ்ந்த துறவிகளின் விதி. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு ராத்திரி பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். வேளையை மாற்றுவதானால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரைக் கேளுங்கள். சோற்றில் ஒரு கரண்டி குறைக்க யாரையும் கேட்க வேண்டாம்.